மாதா லைட்டும் கலைச்செல்வி பூட்டிய செட்டும்

கலைச்செல்வி என் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது பூவாற்றிலிருந்து வருகிற படகுக்காரர்கள் என் கடை வாசலில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, போட்டுல பாட்டு செட்டு பூட்டுற சேச்சியோட கடை எவிட?" என்று என்னிடமே கேட்கிறார்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் முப்பத்திரண்டு வருஷமாக எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறவன் நான். வன்னியபெருமாள் என்றால் ஆரியசாலை முக்கு வரைக்கும் தெரியும். அப்படிப்பட்டவன் இப்போது வழி சொல்கிற ஆளாகிவிட்டேன். கேட்கிறவனுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டுகிறேன்: மூன்று கடை தள்ளி, கயிற்றுக்கடைக்கு மேலே, மாடி.

அவள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் உச்சிமாகாளி தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் வேலை கேட்டு என் கடைக்கு வந்தாள். வயரும் தெரியாது, வாட்டும் தெரியாது. சரி, இருக்கட்டும் என்று அலமாரிப் பெட்டிகளுக்கு விலைச்சீட்டு எழுதச் சொன்னேன். எழுதிக் கொண்டுவந்தாள். "இது எழுத்தா, கோழி கிண்டுனதா? திரும்ப எழுது" என்று அவள் முன்னாலேயே கசக்கிப் போட்டேன். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் சீட்டைப் பொறுக்கி எடுத்துப் பிரித்து, எந்த எழுத்து சரியில்லை என்று கேட்டாள். ஐந்து தடவை எழுத வைத்தேன். ஐந்து தடவையும் முகம் மாறவில்லை. அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

என்னிடம் வயர் வாங்கிப் போய்க் கார்களுக்குப் பாட்டு செட் பூட்டுகிற செட்டுக்காரர்கள் சில நேரம் எரிந்துபோன வயரோடு வந்து சண்டை பிடிப்பார்கள். நான் திருப்பிச் சண்டை பிடிப்பேன், என் சுபாவம் அது. அவள் அந்த எரிந்த வயரை மட்டும் வாங்கிப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைப்பாள். எந்த வண்டி, எத்தனை வாட்டு, ஃப்யூஸ் எங்கே இருந்தது என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வயரிலேயே சுற்றிவிடுவாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு அந்த டின்னைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னட்டி, அதுக்குள்ள புதையலா இருக்கு?" என்று நான் கேலி பேசுவேன். நாலு வருஷத்தில் அந்தச் செட்டுக்காரர்கள் சண்டையை விட்டுவிட்டு அவளிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். ஆறாவது வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கார்களுக்குப் பூட்டிக் கொடுத்தாள். எட்டாவது வருஷம் ஆக்குளம் பக்கம் ஒரு படகுக்குப் பூட்டினாள். அடுத்த வாரம் என்னிடம் வந்து, மாடி அறை ஒன்று பார்த்திருக்கிறேன், போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் என்ன மறைப்பு? என் கல்லாவுக்குப் பக்கத்தில் அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் நாலு ஆள் வேலை நடக்கும். "படகுக்குப் பாட்டுப்பெட்டி பூட்டிப் பொழைக்கப் போறியா? மூணு மாசத்துல திரும்பி வருவ. உன் ஸ்டூலை நான் எடுக்க மாட்டேன், அங்கனயே கெடக்கும்" என்றேன்.

"கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். "வயர் வாங்க வரும்போது உக்காந்துக்கிடுதேன்."

அப்படித் தொடங்கிய கடைக்கு முதல் பெரிய ஆளாக வந்தவன் ஷிபு. வளைகுடாவில் இழுவைக் கப்பலில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். கையிலிருந்ததை எல்லாம் போட்டு, பூவாற்றில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட, பதினாலு பேர் உட்கார்கிற ஃபைபர் படகு ஒன்று புதிதாக வாங்கியிருந்தான். நேராக என் கடைக்குத்தான் வந்தான். போனில் படம் காட்டினான்: ஒன்பது இஞ்ச் தொடுதிரை, பன்னிரண்டு இஞ்ச் பாஸ் ஸ்பீக்கர் இரண்டு, மூவாயிரம் வாட் ஆம்ப்ளிஃபையர். அதற்குத் தடியான வயர் வேண்டும் என்றான். நான் சுருளை இறக்கிவிட்டேன். வெட்டக் கத்திரியை எடுக்கிற நேரம் பார்த்து கலை உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"படகுக்கா?" என்றாள். "எந்த மாதிரிப் படகு? மேல கூரை மட்டுந்தானா, நாலு பக்கமும் திறப்பா?"

"நாலு பக்கமும் ஓப்பன் சேச்சி. காத்து வேணும் அல்லே."

"அப்ப இது சரிப்படாது."

ஷாலை இழுத்து இடுப்பில் சுற்றிக் கட்டினாள். அதைப் பார்த்ததும் என் வியாபாரம் போச்சு என்று தெரிந்துவிட்டது. ஷால் இடுப்புக்குப் போனால் அந்த ஆண்டவனே வந்து சொன்னாலும் கேட்க மாட்டாள்.

கடையில் கார் செட்டுக்காரன் ஒருவன் விட்டுவிட்டுப் போயிருந்த தொடுதிரை செட் ஒன்று கிடந்தது. அதை ஒரு பேட்டரியில் மாட்டி ஓடவிட்டாள். என் குடிதண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து, ஷிபு பார்க்கத் திரையைத் தொட்டாள். சத்தத்தைக் குறைக்கத் தொட்டால் பாட்டு மாறியது. பாட்டை மாற்றத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பேட்டரியோடு அதைத் தூக்கி வந்து வாசல் வெயிலில் வைத்தாள். உச்சி வெயில். ஷிபு குனிந்து பார்த்தான், கையை வைத்து மறைத்துப் பார்த்தான். அதில் அவன் மூஞ்சிதான் தெரிந்தது.

"தண்ணிக் கை, மேல வெயில். உங்க படகுல இது ரெண்டும் இல்லாத நேரம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டாள். "உங்களுக்கு வேண்டியது திருகுற குமிழ். கண்ணை ஆத்துல வச்சுக்கிட்டே கையால தடவித் திருப்பணும். தண்ணி தெறிச்சாலும் உள்ள போகாத மாதிரி ரப்பர் போட்டு மூடுன செட்டு. சிடி போடுற வாய் இருக்கக் கூடாது, உப்புக்காத்து அது வழியா உள்ள போயிரும். புளூடூத் போதும். ஒரு மைக் குத்துற ஓட்டை வேணும், நீங்க வழி காட்டிப் பேசணும்லா."

ஷிபு கொஞ்சம் இறங்கி வந்தான். ஆனால் ஆம்ப்ளிஃபையரை விடவில்லை. "செரி சேச்சி, செட்டு சின்னதாயிக்கோட்டே. பவர் வேணும். மூவாயிரம் வாட்டு. கரையில நிக்கறவன் கேக்கணும்."

அவள் போனை வாங்கி அந்த ஆம்ப்ளிஃபையர் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் ஃப்யூஸ் இரண்டு தெரிந்தது. "முப்பது ஆம்பியர் ரெண்டு. அறுபது. பேட்டரி பன்னெண்டு வோல்ட்டு. பெருக்குங்க." ஷிபு பெருக்கினான். எழுநூற்றிருபது. "அதுக்கு மேல இழுத்தா ஃப்யூஸ் போயிரும். அப்ப மூவாயிரம் எங்க இருந்து வரும்? பெட்டில எழுதியிருக்கது கல்யாணப் பத்திரிகை மாதிரி, எல்லாரையும் பெருசாத்தான் போடுவான். ஃப்யூஸ்தான் ஆதார் கார்டு."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். வயர் சுருள் அப்படியே கிடந்ததே!

பாஸ் ஸ்பீக்கரையும் அவள் விடவில்லை. "கார்ல நாலு கண்ணாடியும் ஏத்திவிட்டா டிக்கி அதிரும். படகுல எதை ஏத்துவீங்க? அந்த இடி எல்லாம் காத்தோட போயிரும், பேட்டரி மட்டும் காலியாவும்." கடைசியில் அவள் சொன்னதுதான் முடிவானது: குமிழ் வைத்த சின்னச் செட், உள்ளே ஈரம் ஏறாமல் பூச்சுப் பூசிய நாலு வழி ஆம்ப்ளிஃபையர், ஃப்யூஸ் இருபத்தைந்து ஆம்பியர், மழை நனைந்தாலும் ஊறாத பிளாஸ்டிக் முகம் வைத்த ஸ்பீக்கர் நாலு. வயர் தடியாக இருந்தால் மட்டும் போதாது, வெள்ளீயப் பூச்சு முக்கியம் என்றாள். சும்மா செம்பு என்றால் ஆறே மாதத்தில் பச்சை பிடித்துவிடுமாம். கார் என்றால் ஒரு வயரைத் தகரத்தில் முடுக்கிவிடலாம், ஃபைபர் படகில் அது நடக்காது, போகிற ஒவ்வொரு வயருக்கும் திரும்பி வருகிற வயர் ஒன்று வேண்டும்.

"இதையெல்லாம் விடப் பெரிசு ஒண்ணு இருக்கு" என்றாள். "பாட்டுக்குத் தனி பேட்டரி. என்ஜின் ஸ்டார்ட் பண்ற பேட்டரில இருந்து பாட்டுக்கு ஒரு வயர்கூட எடுக்க மாட்டேன். பாட்டு நின்னா யாரும் சாக மாட்டான். பொழிகிட்ட என்ஜின் நின்னா?"

தனி பேட்டரிக்கும் ஷிபு தலையாட்டினான். பொழி என்றால் ஆறு கடலில் சேருகிற இடம். பூவாற்றுக்காரனுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாளில் பூட்டிக் கொடுத்தாள். பேட்டரி இரண்டுக்கும் நடுவே சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் வைத்தாள். என்றைக்காவது என்ஜின் பேட்டரி படுத்துவிட்டால் அதைத் திருப்பினால் போதும், பாட்டுப் பேட்டரியும் சேர்ந்து என்ஜினைக் கிளப்பிவிடும். அந்தச் சுவிட்சுக்கு மேலே அழகாக எழுதியும் ஒட்டினாள். மறுநாள் பாதிரியார் வந்து படகை மந்திரித்தார். அவர்கள் அதை வெஞ்சரிப்பு என்பார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படகின் முகப்பில் வேளாங்கண்ணி மாதா படம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், பின்னால் மஞ்சளாக ஒரு பல்பு. நானும் கும்பிட்டேன். கலையும் கும்பிட்டாள். பாட்டு போட்டார்கள். அடடா, அதைச் சொல்லாமல் விடக்கூடாது! தண்ணீர் மேலே அந்தச் சத்தம் காதை அடைக்காமல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. கடைசி இருக்கையில் உட்கார்ந்து நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டே கேட்டோம். மற்ற படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து குமிழைத் திருகிப் பார்த்தார்கள். படகு முதலாளிகள் சங்கத்துச் செயலாளர் ராஜையன் அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். ஷிபுவின் படகை விட்டுச் சங்கத்தில் இன்னும் ஒன்பது படகு. அவை கிடைத்துவிட்டால் அவள் கடை நின்றுவிடும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. அதன்பிறகு மழை பிடித்தது. ஆரஞ்சு அலர்ட் என்று ஐந்து நாள் படகு எதுவும் இறங்கவில்லை. ஆறாவது நாள் காலையில் ஷிபுவின் படகு ஒரு குடும்பத்தோடு போனது. ஓட்டியது ஷிபு இல்லை, சம்பளத்துக்கு ஓட்டுகிற அனூப். பொழிக்குப் பக்கத்தில் படம் எடுக்க என்ஜினை நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பக் கிளப்பினால் கிளம்பவில்லை. கயிறு இழுத்துக் கிளப்புகிற அளவுக்குச் சின்ன என்ஜின் இல்லை அது. மழைத்தண்ணீர் இழுத்த இழுப்பில் படகு பொழிப் பக்கமாக நகர்ந்திருக்கிறது, குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தது. இத்தனைக்கும் நடுவில் கலை பூட்டிய செட் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது!

அது ஒன்று போதாதா? என்ஜினுக்குப் போக வேண்டிய கரண்ட்டை எல்லாம் செட் குடித்துவிட்டது என்று முதலாளிகளின் வாட்ஸாப் குழுவில் ராஜையன் குரல் செய்தி போட்டுவிட்டார். இனி எந்தப் படகிலும் செட் வேண்டாம், ஷிபுவின் படகில் இருப்பதையும் கழற்ற வேண்டும், அந்தச் சேச்சி இனிமேல் கடவுப்பக்கம், அதாவது படகுத்துறைப் பக்கம், வரக்கூடாது. ஷிபு அதை அவளுக்கு அனுப்ப, அவள் என் கடைக்கு வந்து எனக்குப் போட்டுக் காட்டினாள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் குடும்பம் தப்பித்தது என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சோடேயே மனசுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. ஸ்டூலைப் பார்த்தேன். பாழாய்ப்போன மனசு!

"சரி, விடு. போய் கழட்டிக் குடுத்துட்டு வந்துரு. நாளையில இருந்து இங்க வா" என்றேன்.

"என் செட்டு இல்ல அண்ணாச்சி" என்றாள். குரலில் பதற்றமே இல்லை. "பேட்டரி வேற வேற. செட்டு பாடிக்கிட்டே இருந்துச்சுன்னாலே அது என்ஜின் பேட்டரியத் தொடலைன்னுதானே அர்த்தம்? வேற எதுவோ குடிச்சிருக்கு. நான் போய்ப் பாக்கணும்."

"அவன்க அடிக்க வருவான்க, ஒத்தையிலயா போவ?" என்று நானும் கிளம்பினேன். துணைக்கு என்று அவள் நினைத்தாள். கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பூவாறு கடவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ராஜையன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷிபு எங்களைப் பார்த்ததுமே தொடங்கினான். "சேச்சி, ஒண்ணும் பறையண்டா, ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்ஜின் பேட்டரில ஒரு கொழப்பமும் இல்ல. கண்டோ, மாதா லைட் இப்பவும் கத்துது. பேட்டரி செத்திருந்தா லைட் எப்பிடிக் கத்தும்? ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்க அந்த போட்டுல!" கத்துது என்றால் அவர்கள் பேச்சில் எரிகிறது. கோபத்தைவிட அவன் குரலில் பயம்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது. அவன் மனைவி ஜினி படகுக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு நின்றாள்.

"அரை மணி நேரம் குடுங்க" என்றாள் கலை. "அதுக்குப் பிறகும் கழட்டச் சொன்னீங்கன்னா என் கையாலயே கழட்டிருதேன்."

முதலில் அனூப்பைக் கூப்பிட்டாள். என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். "காலையில ஸ்டார்ட் ஆகும்போதே ஒரு மாதிரி முக்கித்தான் ஸ்டார்ட் ஆச்சு சேச்சி" என்றான் அவன்.

"பொழிகிட்ட நின்னப்ப சிவப்புச் சுவிட்சைத் திருப்புனியா?"

"அது எந்தினா சேச்சி? அதுமேல எந்தோ எழுதியிருக்கு. எனக்குத் தமிழ் பேச வரும். வாசிக்கான் அறியில்ல."

கலையின் முகம் மாறியதை நான் அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். சுவிட்சுக்கு மேலே அவள் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. 'என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இதைத் திருப்பவும்.' முத்து முத்தான தமிழ். எட்டு வருஷம் தமிழ்க்காரன் கடையில் தமிழிலேயே சீட்டு எழுதியவள். பூவாற்றில் பேசுகிறவர்கள் எல்லாம் அவளோடு தமிழில் பேசினார்கள், வாசிப்பார்கள் என்றும் நினைத்துவிட்டாள். ஷிபுவிடம் வாயால் சொன்னாள், ஓட்டுகிற அனூப்பிடம் சொல்லவில்லை.

நான் அவள் கையை அழுத்தினேன். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அவள் கையை உதறிவிட்டு ராஜையனைப் பார்த்துத் திரும்பினாள்.

"இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு" என்றாள். "சுவிட்சுல மலையாளத்துல எழுதாம விட்டது நான். எழுதியிருந்தா அனூப் ஒரு நிமிஷத்துல கிளப்பிட்டு வந்திருப்பான். அந்தப் பிள்ளைங்க அழுததுக்கு நான் பொறுப்பு. அத ஒத்துக்கிடுதேன். ஆனா பேட்டரி ஏன் படுத்துச்சுன்னு பாக்காம எறங்க மாட்டேன்."

அடிப்பாவி, வேலியில் போனதை நீயே எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. யாரும் தடுக்கவில்லை.

அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வெளிச்சம் பிடிக்க நானும் கூடவே போனேன். பாட்டுப் பேட்டரி பன்னிரண்டரை வோல்ட், நிறைவாக இருந்தது. என்ஜின் பேட்டரி பதினொன்றரை. "இவ்வளவு போதும் ஒரு சின்ன பல்பு எரிய. என்ஜினைச் சுத்தப் பத்தாது" என்று மெதுவாகச் சொன்னாள். படகின் மெயின் சுவிட்சை அணைத்தாள். அதற்குப் பிறகும் மீட்டர் முள் காட்டியது: ஏதோ ஒன்று விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான், அரை ஆம்பியர்கூட இல்லை. ஆனால் இரவும் பகலும், ஐந்து நாள். பேட்டரி முனையில் மெல்லிய வயர் ஒன்று மெயின் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அவள் பூட்டியபோது அது இல்லை. விரலால் அதைத் தொட்டுக்கொண்டே முன்னால் போனாள். பலகைக்கு அடியில், கூரைத் தூணில், முகப்பில். வயர் மாதா படத்துக்குப் பின்னால் போய் முடிந்தது.

எல்லோர் கண்ணிலும் பட்ட பல்புதான் அது. எல்லோரும் கும்பிட்ட பல்பு. நானும்தான் கும்பிட்டேன், முப்பத்திரண்டு வருஷம் பல்பு விற்றவன், அது எங்கேயிருந்து கரண்ட் எடுக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

"கெடச்சுட்டு! சத்தமாச் சொல்லு" என்றேன்.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஜினியை மட்டும் படகுக்குள் கூப்பிட்டாள். "இந்த வயர் நேரா என்ஜின் பேட்டரிக்குப் போகுதே, யாரு குடுத்தது?" என்று கேட்டாள்.

ஜினிக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்து வழிந்தது. ஷிபு வளைகுடாவில் இருந்தபோது ஒரு புயலில் இரண்டு நாள் அவனிடமிருந்து தகவலே இல்லையாம். அப்போது நேர்ந்துகொண்டாளாம்: ஆள் திரும்பி வந்து சொந்தமாகப் படகு இறக்கினால், அதில் மாதாவுக்கு ஒரு விளக்கு, என்றைக்கும் அணையாத விளக்கு. மெயின் சுவிட்சை தினமும் அணைப்பார்களே, விளக்கும் அணையுமே என்று, கலை பூட்டி முடித்த அன்று சாயங்காலமே, படகு கட்டியவனிடம் சொல்லித் தனி வயர் இழுக்க வைத்திருக்கிறாள். "என்றெ நேர்ச்சையே ஆளைக் கொல்லப் பாத்துருச்சே சேச்சி" என்று விம்மினாள். "இதை அணைச்சா எனக்கு ஒறக்கம் வராது. அணைக்காட்டியும் வராது."

கலை அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "அணைய விட்டாத்தானே? ஒரு நொடிகூட அணையாது. நீ கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே இரு."

தன் பையிலிருந்து சின்ன எல்இடி பல்பு ஒன்றை எடுத்தாள். ஜினி வெள்ளை வேண்டாம் என்றாள், மெழுகுவத்தி நிறம்தான் வேண்டுமாம். அந்த நேரத்திலும் நிறம் பார்க்கிறாளே! கலை பையைக் கிளறி மஞ்சளை எடுத்தாள். பாட்டுப் பேட்டரியிலிருந்து புது வயர் இழுத்து, பழைய பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் புதியதை எரியவிட்டாள். மாதா முகத்தில் வெளிச்சம் இரட்டிப்பானது. அதற்குப் பிறகுதான் பழைய வயரை வெட்டினாள். ஒரு விளக்கு போயிற்று, ஒரு விளக்கு நின்றது. "பழசு எடுத்ததுல இது பத்துல ஒரு பங்குகூட எடுக்காது" என்றாள். "கூரையில ஒரு சின்ன சோலார் தகடு வச்சுத் தாரேன். இனிமே படகு ஒரு மாசம் நின்னாலும் மாதா லைட் எரியும்." ஜினி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சும்மா இருமினேன்.

பிறகு அனூப்பைக் கூப்பிட்டுச் சிவப்புச் சுவிட்சைத் திருப்பச் சொன்னாள். திருப்பினான். சாவியைப் போட்டான். என்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரு எட்டு முன்னால் வந்தார்கள்.

"ஒரு வயர் தப்பாக் கெடந்துச்சு, மாத்திட்டேன்" என்று மட்டும் கரையைப் பார்த்துச் சொன்னாள் கலை. அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஜினி எழுந்துவிட்டாள். "வயர் இல்ல. அது என்றெ நேர்ச்சை லைட்டு. நான்தான் என்ஜின் பேட்டரில குடுக்கச் சொன்னது. சேச்சி தன் தப்பை எல்லார் முன்னாலயும் பறைஞ்சாங்க, நான் ஒளிக்க மாட்டேன்" என்றாள். ஷிபு படகுக்குள் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ராஜையன் நாற்காலியை விட்டு எழுந்தார். மெதுவாக நடந்துபோய்த் தன் படகைப் பார்த்தார். அதன் முகப்பில் அந்தோணியார், பின்னால் சிவப்பு பல்பு. அடுத்த படகில் ஐயப்பன், அதற்கடுத்ததில் மக்கா படம், அடுத்ததில் மறுபடி மாதா. ஒன்பது படகு, ஒன்பது பல்பு. பகலிலும் எரிந்துகொண்டிருந்தன.

"எல்லாம் நேரா என்ஜின் பேட்டரியிலயா?" என்று கேட்டாள் கலை.

"அணையக் கூடாதுல்ல" என்றார் ராஜையன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "மழை முடிஞ்சா எல்லா வருஷமும் பேட்டரி மாத்துறோம் நாங்க. உப்புக்காத்தாலன்னு நெனச்சுக்கிட்டு." அப்படியே தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டார். சிரிப்பு கூட்டத்துக்கும் பரவியது. சிரித்து முடித்ததும் அவர் சொன்னது இதுதான்: "சேச்சி, மொதல்ல ஒன்பது லைட்டையும் மாத்து. அப்பறம் ஒன்பது செட்டும் பூட்டு. மலையாளத்துல எழுதணும், கேட்டோ."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். கூட்டிக்கொண்டு வரப் போனவன், கூடவே வந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். வெள்ளீயம் பூசிய வயர் எத்தனை சுருள் வேண்டும் என்று சொன்னாள், நானே ஏணியில் ஏறி இறக்கினேன். பிறகு ஒன்பது வெள்ளை ஸ்டிக்கரையும் ஒரு மார்க்கர் பேனாவையும் என் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு மலையாளம் எழுத நல்லா வரும். நான் எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும். 'என்ஜின் ஸ்டார்ட் ஆகலைன்னா இந்தச் சிவப்புச் சுவிட்சைத் திருப்பவும்.' எழுதித் தாங்க."

கல்லாவில் ஆள் நின்றது. நான் எழுந்து வந்து, எழுத வசதியாக இருக்கட்டும் என்று, அவளுடைய அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒன்பதையும் எழுதினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஏழு நன்றாக இருந்தது. எட்டாவதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். ஒன்பதாவதையும் பார்த்தாள். இரண்டையும் கசக்காமல், மடிக்காமல், என் முன்னால் திரும்ப வைத்தாள்.

"இது ரெண்டும் படகு ஆட்டத்துல வாசிக்க வராது அண்ணாச்சி. திரும்ப எழுதுங்க."

எந்த எழுத்து சரியில்லை என்று கேட்டேன். காட்டினாள். திரும்ப எழுதினேன்.